காவின் அறையிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எகிப்தியத் தொல்பொருள் அருங்காட்சியகங்களை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பயணத்துக்கு உதவும் செய்திகள் அதில் நிறையவே உள்ளன. எனினும், பண்டைய எகிப்தியர் சாவையே எண்ணி வாழ்ந்தவர்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பளித்திருப்பதை ஏற்க இயலவில்லை. அரசர் சிலை, பொன்முகமூடி, மம்மி என்ற வரிசையில் கூட்டத்தை விரட்டிச் செல்லும் சுற்றுலாக்களில் எவருக்கும் இந்த எண்ணம்தான் மிஞ்சும்.

இத்தாலியின் டூரின் நகரில் 1824இல் நிறுவப்பட்ட எகிப்திய அருங்காட்சியகத்தில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளரின் ஊரான தேர் எல்-மதீனாவில் மேற்பார்வையாளராக இருந்த கா என்பவரின் கல்லறைப் பொருள்கள் ஏறக்குறைய முழுமையாக வைக்கப்பட்டுள்ளன. இத்தாலியத் தொல்பொருள் ஆய்வாளர் ஸ்கியாபரெல்லி 1906இல் கண்டெடுத்த அக்கல்லறையில், கட்டில், நாற்காலி, துணிமணி, ரொட்டி, காவின் மனைவி மெரித்தின் பொய்முடி, இரண்டாம் அமென்ஹோதெப் மன்னரின் பெயர் பொறித்த பொன்தகட்டு முழக்கோல் என 400க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. மெரித் கணவருக்கு முன்பே இறந்துவிட்டதால், காவுக்கெனச் செய்து வைத்திருந்த சவப்பெட்டியிலேயே அவரைக் கிடத்தி, பெட்டி அளவில் பெரிதாக இருந்தமையால் எஞ்சிய இடத்தைத் துணிகளால் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் எதிர்பாராமல் விழுந்த சாவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் அறியேன். தங்க முகமூடிகளுக்கு முன் நிற்கும் நேரத்தில் பாதியையாவது வழிகாட்டிகள் இதற்கு ஒதுக்கலாம்.

நம்பிக்கைகளும் இங்கிருந்து விளக்கப்பட்டால்தான் பொருள் தரும். கல்லறைகளில் வைக்கப்பட்ட ஷப்தி என்னும் சிறு பொம்மைகளை வெறும் 'வேலைக்காரப் பொம்மைகள்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மறுமையில் வயலில் பயிரிடவோ, கரைகளுக்கு நீர் பாய்ச்சவோ, மணல் சுமக்கவோ இறந்தவர் அழைக்கப்பட்டால், அவருக்குப் பதிலாக 'இதோ இருக்கிறேன்' என்று அந்தப் பொம்மை குரல் கொடுக்க வேண்டும் என்பது அதற்குரிய மந்திரம். அரசு ஆள் பிடித்து வேலை வாங்கிய ஒரு நாட்டில் அந்த அச்சம் மறுமை வரை தொடர்ந்ததில் வியப்பென்ன?

காவுக்குப் பல தலைமுறைகள் கழித்து, மூன்றாம் ராம்சேஸ் மன்னரின் 29ஆம் ஆட்சியாண்டில், தானியப் படி அளக்கப்படாமல் தாமதமானதால் அதே ஊர்த் தொழிலாளர்கள் பசிக்கிறது என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் பக்கம் போய் அமர்ந்தார்கள். அச்செய்தியைப் பதிவு செய்த பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் ஏடும் டூரின் அருங்காட்சியகத்துக்கே உரியது. மறுமைத் தீர்ப்பின்போது இறந்தவரின் இதயத்தை நீதியின் இறகுக்கு எதிராகத் துலாக்கோலில் நிறுக்கும் காட்சியை விளக்கும் வழிகாட்டி, இந்தப் போராட்டத்தையும் உடன் சொல்வாரானால், நீதி என்பதை அம்மக்கள் வயிற்றுப்பாட்டோடும் சேர்த்தே அறிந்திருந்தார்கள் என்பது கேட்பவருக்கு விளங்கும்.

மம்மிகளைப் பற்றியும் ஒரு சொல். காவும் மெரித்தும் இன்றளவும் கட்டு அவிழ்க்கப்படாமலேயே எக்ஸ்ரே முதலிய முறைகளால் ஆராயப்பட்டுள்ளனர். அவர்கள் அருகே நின்று திரைப்படப் பேய்க்கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் வழக்கத்தைச் சுற்றுலா நடத்துவோர் கைவிட வேண்டும்.

சென்ற இதழ்க் கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், டூரின் செல்வோர் காவின் அறையை முதலில் காட்டும்படி வழிகாட்டியிடம் கேட்கலாம் என்பதையும், பாப்பிரஸ் அப்போது காட்சியில் உள்ளதா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை