வைகாசியில் வந்த லங்காஸ்டர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின வீடியோ பார்த்தேன். நாலு விமானம் சேர்ந்து வந்து, சவப்பெட்டிக்கு மேலால் போகும்போது ஒன்று மட்டும் மூக்கைத் தூக்கித் தனியே ஏறிப் போகிறது. செத்துப்போன விமானியின் இடம் அது. சிலவேளை ஏறுவதுமில்லை, கிளம்பும்போதே ஒரு இடத்தை வெறுமையாய் விட்டுக்கொண்டுதான் வருவார்கள். எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும்.

ஊரில் குண்டு போட்ட பொம்மருக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்த மனுசன் இப்போது பொம்மர் பார்க்கிறார் என்று அம்மா சொல்ல, நீயும் சிரித்தாயாம். சிரி. நடந்ததை முழுக்கக் கேள்.

பக்கத்து வீட்டு ஐயா மாசியில் போய்விட்டார். இரண்டாம் உலகப்போரில், பிரிட்டன்காரரின் லங்காஸ்டர் என்ற பொம்மரின் வாலில், கண்ணாடிக் கூட்டுக்குள் துவக்கோடு இருந்தவர். ஏழு பேர் போகிற விமானத்தில் மற்ற ஆறு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, இரவு முழுக்க, அந்தக் குளிரில். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் செத்துப்போனார்கள். அவர் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். கதைத்ததெல்லாம் விறைத்துப்போன விரல்களைப் பற்றித்தான். ஒருநாள், "நான் கீழே இருந்தவன்" என்று சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

செத்தவீட்டுக்கு விமானம் வரவில்லை. இங்கிலாந்தில் கோனிங்ஸ்பி விமானப்படைத் தளத்தில் உள்ள பழைய போர் விமானங்களைக் குளிர்காலத்தில் கழற்றிப் பூட்டித் திருத்துவார்கள். உலகத்தில் பறக்கக்கூடிய லங்காஸ்டர் இரண்டுதான் இருக்கிறது, மற்றது கனடாவில். அவசரப்பட்டு ஏற்றுகிற சாமானா அது? மாசியில் சாகிறவருக்கு வெறும் வானம்தான்.

வைகாசியில் ஒரு பின்னேரம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். வேலிக்கு அங்கால் அவரின் மனைவி கொடியில் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றா. முதலில் நிலம்தான் அதிர்ந்தது. பிறகு நாலு மெர்லின் எஞ்சினும் ஒன்றாய் இரைய, கூரைக்கு மேலால் வந்துவிட்டது. பயிற்சிக்கு வந்ததோ, வேறெங்கோ போகிற வழியோ. அவ கையிலிருந்த துவாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தா, அது மரங்களுக்குப் பின்னால் மறையும் வரைக்கும் இறக்கவேயில்லை.

அந்த விமானம் 1945 இல் கட்டினது. சண்டைக்குப் போகுமுன் சண்டையே முடிந்துவிட்டது. ஆர் தலையிலும் ஒரு குண்டு போட்டதில்லை. இது எனக்கு வடிவாய்த் தெரியும். என் முழங்காலுக்குத் தெரியவில்லை. பார்த்தால் பாத்திக்குள் குந்தி, தலையைக் குனிந்து, கையால் பிடரியைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன். தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டு கிடக்கிறது.

அவ வேலியால் எட்டிப் பார்த்தா. கண் நிறைந்திருந்தது. தன் மனுசனுக்காக நான் மண்டியிட்டேன் என்று நினைத்துவிட்டா போல. கையை நீட்டி என் தோளைத் தொட்டு நன்றி சொன்னா.

நான் திருத்தவில்லை. அம்மாவுக்கும் இதுவரை சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா