ஜெயிலுக்குள் ஸ்னாப்ஷாட் எடுக்க ஹோஸ்ட்டின் ரூட் பாஸ்வேர்டு தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் சர்வரில், ஜெயிலுக்குள் (ஒரே இயந்திரத்தில் மற்றவற்றிலிருந்து பிரித்து அடைத்த தனிச் சூழல்) ஓடும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு அதைக் கவனிப்பவரே ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று தங்கள் கணினிப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ஹோஸ்ட்டின் ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் முடியும்’ என்று பதில் அச்சாகியிருக்கிறது. அது தவறு. ஜெயில்களைத் தாங்கும் மூல அமைப்பான ஹோஸ்ட்டின் ரூட், அதாவது முழு அதிகாரமும் கொண்ட கணக்கு, ஒருவர் கைக்குப் போய்விட்டால் அந்த இயந்திரத்தில் உள்ள அத்தனை ஜெயில்களும் அவர் கைக்குப் போனதாகத்தான் அர்த்தம். படித்துவிட்டு யாரும் அப்படியே செய்துவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜெயில் வசதி 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி 4.0-உடன் வந்தது, ஸ்னாப்ஷாட் எடுக்க உதவும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் 2008-இல் 7.0-உடன் வந்தது. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்தில், ஜெயில் போன்ற ‘ஜோன்’களுக்கு ஒரு டேட்டாசெட்டை (இசட்எஃப்எஸ் பிரித்துத் தரும் தனிப் பகுதி) மட்டும் ஒப்படைக்கும் ஏற்பாடு இருந்தது. அதே ஏற்பாடுதான் ஃப்ரீபிஎஸ்டியில் ஜெயிலுக்கு. ஆக, வழி பல வருடங்களாகவே இருக்கிறது.

முதலில், தரவுக்கென்று தனி டேட்டாசெட் ஒன்றை உருவாக்க வேண்டும். ‘டேங்க்/டேட்டா/டிபி1’ என்று வைத்துக்கொள்வோம். ஜெயிலின் சிஸ்டம் கோப்புகள் இருக்கும் டேட்டாசெட்டையே ஒப்படைத்துவிடக் கூடாது. ஒப்படைப்பதற்கு ‘ஜெயில்டு’ என்ற பண்பை ஆன் செய்தாக வேண்டும்; ஆன் செய்தபின் ஹோஸ்ட் அதை மவுன்ட் செய்யாது (தன் அடைவு எதிலும் இணைக்காது). அடுத்த ரீபூட்டில் ஜெயில் எழுந்து நிற்க இடமே இருக்காது.

அடுத்தது கோட்டா, அதாவது இட வரம்பு. பலர் சறுக்குவது இங்கேதான். டிபி1-க்கு ஹோஸ்ட்டில் 200 ஜிபி கோட்டா வைத்தால், ஜெயிலுக்குள் இருக்கும் ரூட்டால் அதை மாற்ற முடியாது. அவர் உள்ளே புதிதாக உருவாக்கும் டேட்டாசெட்டுகளுக்குத் தன் இஷ்டப்படி கோட்டா வைக்கலாம். மொத்தம் 200-ஐத் தாண்டாது. ஆனால் இந்தக் காவல் ‘கோட்டா’ பண்புக்குத்தான் உண்டு, ‘ரெஃப்கோட்டா’வுக்கு (டேட்டாசெட்டின் நேரடித் தரவுக்கு மட்டுமான வரம்பு) இல்லை. வரம்பை ரெஃப்கோட்டாவில் மட்டும் வைத்தால் உள்ளே இருப்பவர் ஒரே கட்டளையில் அதை நீக்கிவிடலாம். போதாக்குறைக்கு அது ஸ்னாப்ஷாட்டுகள் பிடிக்கும் இடத்தைக் கணக்கில் எடுப்பதும் இல்லை. இன்னொரு ஓட்டை, ‘ஜெயில்டு’ பண்பை மேலே ‘டேங்க்/டேட்டா’வில் வைத்து, கீழே தானாக இறங்கட்டும் என்று விடுவது. அந்தப் பண்பு எந்த டேட்டாசெட்டில் நேரடியாக வைக்கப்பட்டிருக்கிறதோ அதை எல்லையாக வைத்துத்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னல் சோதிக்கிறது. மேலே வைத்தால் டிபி1 எல்லைக்குக் கீழே போய்விடும், அதன் கோட்டாவை ஜெயில் ரூட்டே மாற்றிக்கொள்ளலாம். ‘இசட்எஃப்எஸ் கெட் ஜெயில்டு’ போட்டுக் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள்: ‘லோக்கல்’ என்று இருக்க வேண்டும். ‘இன்ஹெரிட்டட்’ என்று இருந்தால் டிபி1-இலேயே மறுபடி ஆன் செய்யுங்கள். கையோடு ஸ்னாப்ஷாட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பான ‘ஸ்னாப்ஷாட்_லிமிட்’டையும் வைத்துவிடுவது நல்லது. இதுவும் கோட்டாவைப் போலவே காக்கப்படுகிறது.

பிறகு ஹோஸ்ட்டில் ஜெயிலின் அமைப்புகளை எழுதும் ‘ஜெயில்.கான்ஃப்’ கோப்பு. ‘அலவ்.மவுன்ட்’, ‘அலவ்.மவுன்ட்.இசட்எஃப்எஸ்’ இரண்டும் வேண்டும். இரண்டையும் எழுதிவிட்டு, இன்னும் அனுமதி இல்லை என்றே பிழை வருகிறதே என்று திகைப்பவர்கள் ‘என்ஃபோர்ஸ்_ஸ்டாட்எஃப்எஸ்’ஸை (ஜெயிலுக்கு எந்த மவுன்ட்கள் தெரியலாம் என்ற அமைப்பு) பார்க்க வேண்டும். அதன் இயல்பு மதிப்பு 2. 1-ஆகக் குறைத்தால்தான் முந்தைய இரண்டும் செல்லுபடியாகும். ‘டெவ்’ அடைவில் இசட்எஃப்எஸ் சாதனக் கோப்பு உள்ளே தெரிய வேண்டும்; எந்தச் சாதனக் கோப்புகள் தெரியலாம் என்று சொல்லும் ‘டெவ்எஃப்எஸ்’ விதித்தொகுப்புகளில் 4 அதைக் காட்டும்.

ஒப்படைக்கும் கட்டளை ‘இசட்எஃப்எஸ் ஜெயில்’. பின்னால் ஜெயிலின் பெயர், அதன் பின் டேட்டாசெட்டின் பெயர். இது ஓடிக்கொண்டிருக்கும் ஜெயிலோடு மட்டும் ஒட்டுவது; ஜெயிலை நிறுத்தித் தொடங்கினால் அறுந்துவிடும். ஆகவே கையால் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல் ‘ஜெயில்.கான்ஃப்’பில், உள்ளே சேவைகள் தொடங்கும் முன் ஓடும் ‘எக்ஸெக்.கிரியேட்டட்’ வரியில் எழுதி வையுங்கள். ‘எக்ஸெக்.போஸ்ட்ஸ்டார்ட்’டில் எழுதினால் காலம் கடந்துவிடும். உள்ளே சேவைகள் எல்லாம் எழுந்த பிறகுதான் அது ஓடும். மைஎஸ்க்யூஎல்லின் தொடக்க ஸ்கிரிப்ட் தன் தரவு அடைவு வெறுமையாக இருப்பதைக் கண்டால் அங்கேயே புதிதாக ஒரு காலி டேட்டாபேஸை உருவாக்கிவிடும். பார்ப்பவருக்கு எல்லாத் தரவும் அழிந்துவிட்டது போலத் தோன்றும். பதறி பேக்கப்பைத் தேடி ஓட வேண்டாம். உண்மையான தரவு மவுன்ட் ஆகாமல் அப்படியே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி, காலி டேட்டாபேஸை அப்புறப்படுத்தி, டேட்டாசெட்டை ஒட்டி மவுன்ட் செய்தால் போதும்.

ஜெயிலின் சொந்தத் தொடக்க அமைப்புக் கோப்பான ‘ஆர்சி.கான்ஃப்’பில் ‘இசட்எஃப்எஸ்_எனேபிள்’ ஆன் ஆக இருக்க வேண்டும். மவுன்ட்பாயின்ட்டை (டேட்டாசெட் இணையும் அடைவு) ஜெயிலுக்குள்ளிருந்து பார்க்கும் பாதையாகவே கொடுக்க வேண்டும். ஹோஸ்ட்டின் முழுப் பாதையைக் கொடுத்தால் ஜெயிலுக்குள் அதே நீளப் பாதை இன்னொரு முறை முளைக்கும்.

இவ்வளவும் ஆனபின் உள்ளே இருப்பவர் அப்கிரேடுக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், சொதப்பினால் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டு ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம், தனக்குக் கீழே டேட்டாசெட் உருவாக்கலாம், அழிக்கலாம். பக்கத்து ஜெயிலின் டேட்டாசெட்டுகள் அவர் கண்ணுக்கே படாது. மேலே உள்ள பெற்றோர் டேட்டாசெட்டுகளின் பெயர்கள் மட்டும் தெரியும், ஆகவே அவற்றுக்கு வாடிக்கையாளர் பெயர்களைச் சூட்டாதீர்கள்.

திரும்ப எடுத்துக்கொள்ளும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ‘ஜெயில்டு’வை ஆஃப் செய்த கணம், உள்ளே இருந்தவர் வைத்த மவுன்ட்பாயின்ட் ஹோஸ்ட்டின் பாதையாகிவிடும். அவர் அதை ‘/எட்சி’ என்று வைத்திருந்தால் அமைப்புக் கோப்புகள் இருக்கும் உங்கள் ஹோஸ்ட்டின் ‘/எட்சி’ மேலேயே அது ஏறி உட்காரும். முதலில் கீழுள்ள டேட்டாசெட்டுகள் உட்பட எல்லாவற்றின் மவுன்ட்பாயின்ட்டையும் பட்டியலிட்டுப் பார்த்து, மாற்றி, ‘கேன்மவுன்ட்’டைத் தானாக மவுன்ட் ஆகாதபடி ‘நோஆட்டோ’ ஆக்கி, ‘செட்யுஐடி’ (யார் இயக்கினாலும் கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தில் ஓட விடுவது), ‘எக்ஸெக்’ (நிரல்களை ஓட விடுவது) இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுப் பிறகே கைவையுங்கள். ஜெயில் ஓடும் காலத்திலும் அதன் அடைவு இருக்கும் மேல் அடைவுக்கு 0700 அனுமதி (உரிமையாளர் மட்டும் நுழையலாம்) போதும். ஜெயில் ரூட் உருவாக்கும் செட்யுஐடி கோப்பு ஹோஸ்ட்டில் உள்ள சாதாரணப் பயனருக்கு எட்டினால், அவர் அங்கேயே ரூட் ஆகிவிடுவார்.

முன்பின் தெரியாதவருக்கு இதைத் தர வேண்டாம். கெர்னல் எல்லோருக்கும் ஒன்றுதான். வெளியிலிருந்து ஸ்னாப்ஷாட்டைப் பெறும் ‘இசட்எஃப்எஸ் ரிசீவ்’ வழியாக வரும் தரவைக் கெர்னலே பிரித்துப் படிக்கிறது, அங்கே ஒரு பிழை இருந்தால் ஹோஸ்ட்டே விழும். சொந்த நிறுவனத்தின் டேட்டாபேஸ் பொறுப்பாளருக்குத் தரத் தயங்க வேண்டியதில்லை.

லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வரி: 2023-இல் வெளிவந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2 முதல் ‘இசட்எஃப்எஸ் ஜோன்’ கட்டளையால் யூசர் நேம்ஸ்பேஸ் (தனிப் பயனர் எண்கள்) கொண்ட, ஜெயில் போன்ற கன்டெய்னருக்கு இதே போல ஒப்படைக்கலாம். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் இன்கஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ‘இசட்எஃப்எஸ்.டெலிகேட்’ என்ற அமைப்பே போதும்.

அச்சான பதிலுக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்துப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டவர்கள் அதை இன்றே மாற்றுவதோடு நிற்காமல், பாஸ்வேர்டு இல்லாமலே நுழைய விடும் ரூட்டின் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பில் புதிய வரி ஏதும் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி,
கோயம்புத்தூர்