வேலையை விட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதை நேற்று இரவு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த அறையில் இருக்கும் என்னிடம் நேரில் சொல்ல உனக்கு மனம் வரவில்லை என்பதில் வருத்தம்தான். ஆனாலும், உடல் இப்படி நோயில் சரிந்துகொண்டிருக்கும்போது உன் முடிவு சரியானது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் பெயர் போடாமல் இதைப் பொதுவில் எழுதலாம் என்ற உன் சம்மதமும் அம்மா வழியாகவே வந்தது. உறவினர்களும் படிப்பார்கள் என்பதால், மருத்துவச் சீட்டுகளில் உள்ள சிலவற்றையும் வீட்டுக் கணக்கையும் இங்கே தொடப்போவதில்லை.

அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழாப் பந்தியில் சாம்பார் வாளியோடு நீ ஓடியாடிப் பரிமாறியதைப் பார்த்து, "பையனுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று பெரியவர் ஒருவர் சொன்னபோது, எனக்கும் உள்ளூர நிம்மதியாகவே இருந்தது. மறுநாளும் நன்றாகத்தான் இருந்தாய். அதற்கடுத்த நாள் காலை, குளியலறை முக்காலியில் உட்கார்ந்தபடி, தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாய். 27 வயது மகனின் தலையில் தண்ணீர் ஊற்றினேன்; கண்ணில் சோப்பு படாமல் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டேன், நீ மூன்று வயதில் இருந்தபோது செய்ததைப் போலவே. இருவரும் எதுவும் பேசவில்லை. பந்தியைப் பார்த்தவர்கள் இன்றுவரை "எல்லாம் மனசுதான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உழைப்புக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உடல் இப்படிச் சரிவதுதான் நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம் என்பதைப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் 2015-இல் வகுத்த அளவுகோலின்படி, இதனுடன் தூங்கி எழுந்தும் தீராத அசதியும், 6 மாதத்துக்கு மேலாகப் பழைய வேலைகளைச் செய்ய இயலாத நிலையும் இருக்க வேண்டும். யோசிப்பதில் தடுமாற்றமோ, எழுந்து நின்றால் அதிகமாகும் தொல்லையோ சேர்ந்திருக்க வேண்டும். உனக்கு அதுதான் என்று எந்த மருத்துவரும் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனையும் கிடையாது. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் சரியாக இருப்பதைக் காட்டி "நோயே இல்லை" என்று சொல்பவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கப்போவதில்லை.

காலையில் எழுப்பி உன்னை நடக்க வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்தான். ஆனால் மருத்துவர் சொன்னதைத்தானே செய்தேன்? படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குப் பரிந்துரைப்பதைப் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பே 2021-இல்தான் கைவிட்டது. அந்தச் செய்தி நம் ஊர் மருத்துவரிடமே வந்து சேராதபோது, மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற எனக்கு எப்படித் தெரியும்? நீயும் முடியவில்லை என்று சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி வந்தாய். அந்த மௌனத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

மாமா தன் கடையில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு வேலை தருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டேன். மூளை உழைப்பும் உன்னைப் படுக்கையில் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மனத்தாங்கல்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் புதிய மருத்துவரிடம் போகும்போது, காரின் பின்னிருக்கையில் படுத்தே வா. டோக்கன் வாங்கி நான் காத்திருக்கிறேன். நின்றால் அதிகமாகும் தொல்லை உனக்கு இருக்கிறதா என்று அறிய, படுத்திருக்கும்போதும், 10 நிமிடம் நின்ற பிறகும் உன் நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்போம். என்ன செய்த பிறகு எந்த நாளில் சரிந்தாய் என்பதை ஒரு தாளில் குறித்து வை. எழுத முடியாவிட்டால் சொல், நான் எழுதிக்கொள்கிறேன்.

அப்பா