18 முடிஞ்சா எங்க போறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கத்துல ஒரு தேயிலை எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளர் குடியிருப்புல இருந்து எழுதுறேன். என் தம்பிக்கு 22 வயசு, டவுன் சிண்ட்ரோம், பொறப்புலயே வர்ற அறிவு வளர்ச்சிக் குறைபாடு. 18 வயசு வரைக்கும் இந்த மாதிரிப் பசங்களுக்கான ஒரு சென்டருக்குப் போய்ட்டு இருந்தான், பாட்டு, பிசியோதெரபி, கூட நாலு பசங்க, காலைல ஆறு மணிக்கே பேக்கை மாட்டிட்டு வாசல்ல நிப்பான். வயசு முடிஞ்சிருச்சு இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான், அதுக்கப்புறம் வீடும் டிவியும்தான். அம்மா இலை எடுக்கப் போகும்போது வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போவாங்க. அதை எழுதும்போதே எனக்கு வயித்தைப் பிசையுது, ஆனா அம்மாவுக்கு வேற என்ன வழி?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை உக்காந்து படிச்சுப் பாத்தேன். இலவசப் படிப்பு 18 வரைக்கும்னு இருக்கு சரி, ஆனா தொழில் பயிற்சி 19வது பிரிவு, கலை பொழுதுபோக்கு 29, விளையாட்டு 30, இதுல எல்லாம் 18 வயசோட நிறுத்தணும்னு எங்கயும் போடல. மாசம் 2000 ரூபா உதவித்தொகை வருது, அது பெரிய ஒத்தாசை, இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் காசை எடுத்துட்டுப் போய் கடையில ஒரு பொருள் வாங்க அவனுக்கு யார் சொல்லிக் குடுக்குறது?

அதனால போன வருஷத்துல இருந்து நாங்க மூணு வீட்டுக்காரங்க சேந்து சனிக்கிழமை சனிக்கிழமை பசங்களை வெளிய கூட்டிட்டுப் போறோம். பஸ்ல அவங்களே ஏறணும், இறங்குற ஸ்டாப்பை அவங்களே சொல்லணும், மார்க்கெட்ல கேரட் பீட்ரூட் பாத்து எடுக்கணும், வீட்டுக்கு வந்து கழுவி நறுக்கணும். மொத தடவை பேக்கரியில கடைக்கார அண்ணன் என்னைப் பாத்து "தம்பிக்கு என்ன வேணும்"னு கேட்டாரு, அவன்கிட்டயே கேளுங்கண்ணேன்னு சொன்னேன். பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க, இவன் வாயத் தொறக்க ரொம்ப நேரம் ஆச்சு, எனக்கு வேர்த்துருச்சு, கடைசில "கால் கிலோ வர்க்கி"ன்னு கேட்டு வாங்கிட்டான். மீதிச் சில்லறைய வீடு வர்ற வரைக்கும் கையில இறுக்கிப் புடிச்சிருந்தான். இப்ப அந்த அண்ணன் என்னை ஏறெடுத்தும் பாக்குறதில்ல, நேரா அவன்கிட்டதான் பேசுறாரு.

பயிற்சின்னா ஊட்டிக்கு வாங்க, இல்ல கோயம்புத்தூர் போங்கன்னு சொல்றாங்க. எங்க லைனுக்கு பஸ் காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, ஐப்பசி மழையில மண்ணு சரிஞ்சா அதுவும் கிடையாது. ஜீப் வெச்சுப் போக ஒரு நாள் கூலியே போயிரும். பாராலிம்பிக்ஸ்ல 2016ல மாரியப்பன் தங்கவேலு தங்கம் வாங்கினப்ப ஊரே கொண்டாடுச்சு, எங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனா இங்க பந்து எறிஞ்சு விளையாடக்கூட எங்க பசங்களுக்கு ஒரு இடம் இல்ல.

நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லைங்க. சமுதாயக் கூடம் வாரம் பூரா பூட்டித்தான் கெடக்குது, சனிக்கிழமை மட்டும் தொறந்து விடணும், மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ஒரு சிறப்பாசிரியர் வரணும், வாசல்ல வீல்சேர் ஏற ஒரு சாய்தளம் போடணும். சாவியக் குடுத்தாப் போதும், கூட்டிப் பெருக்குறது, டீ வைக்கிறது எல்லாம் பசங்களும் நாங்களும் பாத்துக்குறோம்.

இப்படிக்கு,
ஒரு அக்கா, கோத்தகிரி