அலமாரியிலிருந்து இறங்கிய கேமராக்கள்: நம் ஃபிலிம் கேமரா சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் வாசித்த அறிக்கையை நேற்று எடுத்துப் பார்த்தேன். அதில் மூன்று பக்கம் அலமாரியைப் பற்றியே இருக்கிறது. கண்ணாடிக் கதவு மாற்றியது, உள்ளே விளக்கு போட்டது, ஒவ்வொரு கேமராவுக்கும் பெயர் அட்டை எழுதி வைத்தது. அந்த வருடத்தில் எத்தனை ரோல் ஃபிலிமில் படம் எடுத்தோம் என்று ஒரு வரி கிடையாது. எடுத்திருந்தால்தானே எழுத! ஆகவே இந்த முறை அலமாரிக்கு ஒரே வாக்கியம்: அதன் சாவி இப்போது பூட்டிலேயே தொங்குகிறது, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் கேமராவை எடுத்துப் போகலாம்.

இதைச் செயற்குழுவின் யோசனை என்று நினைத்துப் பாராட்ட வேண்டாம். புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் அலமாரி முன் நின்று, பென்டாக்ஸ் கே1000-ஐக் காட்டி, "இதில் கடைசியாக எப்போது படம் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1976-இல் வந்து 1997 வரை விற்ற கேமரா அது. அவர் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பு நின்றுபோனது. சரி என்று வெளியே எடுத்து, வெளிச்சம் புகத் திறந்து மூடும் ஷட்டரை அமுக்கிப் பார்த்தோம். 1/60 நொடியில் ஒழுங்காக அடித்தது. ஒரு நொடிக்கு வைத்தால் திறந்தது, மூட மனம் வரவில்லை. உள்ளே போட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. நாங்கள் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்த லட்சணம் அதுதான். இந்த இயந்திரங்கள் உழைத்துத் தேய்வதைவிட, சும்மா கிடந்து கெடுவதே அதிகம்.

அப்புறம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலமாரி முழுவதையும் இறக்கிச் சோதித்தோம். பின்மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் கருப்பு ஸ்பாஞ்ச் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தார் போலக் குழைந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டாவிட்டால் வெளிச்சம் கசிந்து படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுத் தீற்றல் விழும். கேனான் ஏஇ-1 ஒவ்வொரு படத்துக்கும் இருமியது. அந்தக் கேமராவை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் வற்றினால் வருகிற இருமல் அது. ஒரு சொட்டு எண்ணெயில் நின்றுவிட்டது. பென்டாக்ஸின் பழைய டாக்குமார் 50 மி.மீ. லென்ஸ் தேநீர் நிறத்துக்கு மஞ்சளித்துப் போயிருந்தது. அந்தக் காலத்தில் சில லென்ஸ் கண்ணாடிகளில் தோரியம் கலந்தார்கள். லேசான கதிரியக்கம் உள்ள பொருள். வருடங்கள் போகப் போக அது கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடும். புற ஊதா விளக்கின் அடியில் பல நாள் வைத்ததில் பெருமளவு தெளிந்துவிட்டது. ஃபங்கஸ் என்கிற பூஞ்சை பிடித்த இரண்டு லென்ஸ்களை மற்றவற்றோடு வைக்காமல் தனியே பிரித்திருக்கிறோம்.

பழைய கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் நகரும், ஆனால் பொய் சொல்லும். காதுகேள் கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் துத்தநாக பேட்டரி கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது. பேட்டரித் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் ஒலிம்பஸ் டிரிப் 35-ஐ எடுத்துப் போங்கள். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போல இருக்கும் செலினியம் செல் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் பற்றாவிட்டால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி, படம் எடுக்க விடாமல் தடுக்கும். 1967-இல் வந்த கேமராவுக்கு இவ்வளவு சொந்தப் புத்தி இருப்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

உறுப்பினர் விவரம்: இந்த ஆண்டு 17 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் முப்பது வயதுக்குக் கீழே. 3 பேர் விலகினார்கள். விண்ணப்பத்தில் 'ஏன் ஃபிலிம்?' என்று ஒரு கேள்வி சேர்த்திருந்தோம். எங்கள் தலைமுறை என்றால் 'பழைய நினைவு' என்று எழுதியிருப்போம். இவர்களுக்கு அப்படி ஒரு நினைவே இல்லை. "போனில் பன்னிரண்டாயிரம் படம் இருக்கிறது, ஒன்றையும் திரும்பிப் பார்த்ததில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். "எடுத்த உடனே பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும்" என்று இன்னொருவர். ஃபிலிமின் நிறம், துகள், அந்த 'லுக்' என்றெல்லாம் பேசுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதை இன்று ஒரு ஃபில்டரே செய்துவிடும். ஆனால் ஒரு ரோலுக்கு 36 படம்தான் என்கிற கணக்கை எந்த ஃபில்டரும் தராது. முப்பத்தாறில் ஒன்றைச் செலவழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கும், கண் இன்னொரு முறை பார்க்கும். இளைஞர்கள் இதைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

"கடைசியில் ஸ்கேன் பண்ணி போனில்தானே பார்க்கிறீர்கள்?" என்று ஒரு கூட்டத்தில் விருந்தினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று பாதிப் பேர் கோபப்பட்டார்கள், அது தேவையில்லை. ஸ்கேன் என்பது நகல், கழுவிய ஃபிலிமான நெகட்டிவ்தான் மூலம். அடுத்து சொல்லப்போவதும் அதைப் பற்றித்தான்.

ஆண்டின் நடுவில், கலர் ரோல் கழுவக் கொடுத்த ஓர் இடத்தில் ஸ்கேன்களை அனுப்பிவிட்டு எங்கள் ஐந்து ரோல் நெகட்டிவ்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். "யாரும் திரும்பக் கேட்பதில்லையே" என்றார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன், கேட்காமல் விட்டது நாமும்தான். இனி 'நெகட்டிவ் வேண்டும்' என்று உறையின் மேலேயே எழுதித்தான் ரோல் கொடுக்க வேண்டும். விவியன் மேயரின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை செய்தபடி ஷிகாகோ தெருக்களைப் படம் பிடித்தவர். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோது கழுவாத ரோல்களும் அவற்றில் குவியலாகக் கிடந்தன. அவர் 2009-இல் இறந்தார். புகழ் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ரோல்களை யாராவது குப்பை என்று நினைத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் கேமராவின் மேலே இடப்பக்கத்தில் இருக்கும், எடுத்து முடித்த ஃபிலிமை டப்பாவுக்குள் திரும்பச் சுற்றும் ரிவைண்ட் குமிழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த ஆண்டு அது நம்மை ஒரு முறை காப்பாற்றியது, என்னை ஒரு முறை கவிழ்த்தது.

கவிழ்த்ததை முதலில் சொல்கிறேன். விடியற்காலைப் பனியில் படம் எடுக்கப் போன நாள் நினைவிருக்கும். நான் அன்று மிக உற்சாகமாக இருந்தேன். எண்ணிக்கை 36 ஆயிற்று, 37, 38... 40-ஐத் தாண்டியதும்தான் வயிற்றைக் கலக்கியது. ஃபிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. நெம்புகோலைத் தள்ளத் தள்ள எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, ஃபிலிம் டப்பாவுக்குள்ளேயே நிம்மதியாக இருந்தது. ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ரிவைண்ட் குமிழ் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்திருந்தால் இரண்டாவது படத்திலேயே தெரிந்திருக்கும். புதியவர்களுக்கு இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வகுப்பில் இருந்த ஒருவர் அன்று பக்கத்தில் நின்று எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

காப்பாற்றிய கதை வேறு. ஒரு குடும்பத்தார் மறைந்த தந்தையின் கேமராவை நமக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். பின்மூடியைத் திறக்கப் போனபோது நம் மூத்த உறுப்பினர் கையைப் பிடித்து நிறுத்தி, குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. உள்ளே ஃபிலிம்! எண் 23-இல் நின்றிருந்தது. சுற்றி எடுத்துப் பார்த்தால் பழைய கலர் ரோல். கலராகக் கழுவினால் மங்கிய புகைமூட்டமே மிஞ்சும் என்று படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரில், கருப்பு-வெள்ளைக்கானதில் கழுவத் தீர்மானித்தோம்.

கழுவிய இரவை விரிவாகச் சொல்ல ஆசை. கருப்புப் பைக்குள் கையை விட்டு, விரல் நுனியால் தடவித் தடவி ஃபிலிமைப் பிளாஸ்டிக் ரீலில் ஏற்றும்போது உள்ளங்கை வியர்த்தது. வியர்வை பட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். இரண்டு முறை சிக்கியது. பையைத் திறக்கவும் முடியாது, கையை எடுக்கவும் முடியாது, மூக்கு வேறு அரித்தது. டேங்க் மூடியைப் பூட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. நுனியில் வெட்டிய துண்டை முதலில், படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஃபிக்ஸரில் போட்டு, பால்நிறம் மறைந்து கண்ணாடி போலத் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டோம். அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸரில் இருக்க வேண்டும். டெவலப்பரை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றி, நிமிடத்துக்கு ஒரு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, ஃபிக்ஸரையும் முடித்துக் கழுவி எடுத்தபோது பேச்சே இல்லை. 23 படங்களில் நான்கு மட்டும் தெரிந்தன. ஒன்றில் ஒரு சிறுவன் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறான், சக்கரம் அவன் இடுப்பு உயரம். இன்னொன்றில் வாசலில் ஒரு பெண், முகம் பாதி வெளிச்சத்தில் கரைந்துபோய். பிரிண்ட் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுபோனோம். அவர்களில் யாருக்கும் படத்தில் இருப்பவர்களைத் தெரியவில்லை. தந்தை அந்தக் கேமராவைப் பழையதாகத்தான் வாங்கினாராம். நெகட்டிவ் நம்மிடம் உறையில் இருக்கிறது. உறையில் பெயர் எழுதும் இடம் காலி.

ஃபிலிம் தொடர்ந்து கிடைக்குமா என்று பலரும் கேட்கிறீர்கள். பயப்படக் காரணம் இருந்தது. போலராய்டு 2008-இல் இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. கோடாக் நிறுவனத்தின் கலர் ஃபிலிமான, 1935-இல் பிறந்த கோடாக்ரோம் 2009-இல் நின்றது. 2012-இல் கோடாக்கே திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. 1975-இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்ததும் அதே நிறுவனத்துப் பொறியாளர்தான் என்பது விதியின் வேடிக்கை. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய அதற்கு 23 நொடி பிடித்ததாம். ஆனால் காற்று திரும்பியிருக்கிறது. கோடாக் நிறுத்திய எக்டாக்ரோம் கலர் ஃபிலிம் 2018-இல் மறுபடி வந்தது. ஃபூஜியின் அக்ராஸ் கருப்பு-வெள்ளை ஃபிலிம் 2019-இல் இரண்டாம் பிறவி எடுத்தது. இல்ஃபோர்டு ஃபிலிம்களைச் செய்யும் ஹார்மன் 2023-இல் புதிதாக ஒரு கலர் ஃபிலிமே கொண்டுவந்தது. 2024-இல் பென்டாக்ஸ் 17 வந்தது. புத்தம் புதிய கேமரா, கையால் சுற்றும் நெம்புகோலோடு. பாதி அளவுப் படம் என்பதால் ஒரு ரோலில் 72 எடுக்கலாம். எழுபத்திரண்டு கொஞ்சம் அதிகம் என்பது என் சொந்தக் கருத்து.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பைகளைச் சோதிக்கும் புதிய சி.டி. வகை எக்ஸ்ரே ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமை ஒரே முறையில் கெடுத்துவிடக்கூடும். ரோல்களை வெளியே எடுத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாதக் கூட்டங்கள் ஒன்று தவிர எல்லாம் நடந்தன. கண்காட்சி நன்றாக நடந்தது, படங்களுக்கான மரச் சட்டங்கள் மட்டும் தாமதமாக வந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டில் இருட்டறைக்கு நெகட்டிவிலிருந்து பெரிய பிரிண்ட் போட உதவும் என்லார்ஜர் இரண்டாவதாக ஒன்றைத் தேடுவதாக இருக்கிறோம். வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். இருட்டறையைக் கழுவித் துடைத்து வைத்த நண்பர்களுக்கும், பழுது பார்த்த மெக்கானிக் அண்ணனுக்கும், என் நாற்பது படக் கதையை வெளியில் சொல்லாமல் இருந்த வகுப்பு மாணவருக்கும் நன்றி.

ஒரு அறிவிப்பு. கே1000 இப்போது யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் இல்லை. வைத்திருப்பவர் கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள். கேமராவுக்கு அவசரமில்லை, உள்ளே இருக்கும் ரோல் முடியட்டும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்