இரண்டாம் பாகம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாமரத்து வழக்கு எப்படி முடிந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இம்மாதம் படித்த புத்தகத்தைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்று இருந்தேன். தொலைபேசியில் தொடங்கினால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டே நிமிடத்தில் நீ முடித்துவிடுவதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஷெர்லாக் ஹோம்ஸ் வரும் முதல் நாவல் அது. பத்ரி சேஷாத்ரியின் மொழிபெயர்ப்பில் ‘ஒரு மோதிரம் இரு கொலைகள்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. 1887-இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்த அந்த நாவலின் முழு உரிமைக்கும் கோனன் டாயிலுக்குக் கிடைத்தது வெறும் 25 பவுண்டு. முதல் பாகத்தின் ஏழு அத்தியாயங்களும் லண்டனில் நடக்கின்றன. ஆளில்லாத வீட்டில் காயமே இல்லாத ஒரு பிணம் கிடக்கிறது. சுவரில் இரத்தத்தால் ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தின் இறுதியில் ஹோம்ஸ் ஒரு குதிரை வண்டிக்காரனின் கையில் விலங்கை மாட்டிவிடுகிறார். பக்கத்தைப் புரட்டினால் 1847-ஆம் ஆண்டு, அமெரிக்கப் பாலைநிலம், தண்ணீரில்லாமல் சாகும் நிலையில் ஜான் ஃபெரியர் என்ற மனிதனும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியும். ஹோம்ஸும் இல்லை, வாட்சனும் இல்லை.

வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற அன்பர், அச்சகத்தில் வேறு புத்தகத்தின் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தாராம். கொலைகாரன் பிடிபட்ட பிறகு எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டுப் பாதியிலேயே மூடிவைத்தவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊர் ராஜேஷ்குமாரின் மாத நாவல்களில் இரண்டு டிராக் ஓடும். ஒரு அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்ததில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, கடைசியில் இரண்டும் ஓரிடத்தில் வந்து முட்டும். பத்தாம் வகுப்பில் இயற்பியல் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டே, அந்த இடம் எது என்று எனக்கு முன்பாகவே நீ சொல்லிவிடுவாய்.  டாயில் அப்படி மாற்றி மாற்றிச் சொல்லாமல் ஒரே இடத்தில் கதையை வெட்டி, பழைய கதையைத் தனியாக வைத்துவிடுகிறார். எனக்கு இந்த முறையே பிடித்திருந்தது. (இரண்டாம் பாகத்தில் வரும் மார்மன் என்ற அமெரிக்க மதப் பிரிவினரை அவர் காட்டியிருக்கும் விதம் நியாயமில்லை என்று கல்லூரி மாணவி ஒருத்தி சொன்னாள், அது உண்மைதான்.)

இரண்டு கதைகளையும் இணைப்பது ஒரு மோதிரம். பிணத்தைத் தூக்கும்போது தரையில் உருண்டு விழுகிற, பெண்ணின் கல்யாண மோதிரம். அது யாருடையது, எப்படி அங்கே வந்தது என்பது இரண்டாம் பாகத்தைப் படித்தால்தான் விளங்கும். அதைத் தவறவிட்டவன் அதற்காகவே அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, போலீஸ்காரர் ஒருவரின் எதிரில் மாட்டிக்கொண்டு, குடிகாரனைப் போல நடித்துத் தப்புகிறான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் நீ காபிக் கோப்பையைத் தூக்கியபோது உன் விரலில் மோதிரம் இல்லை. நான் ஹோம்ஸ் அல்ல, எதையும் ஊகிக்கவும் இல்லை. டொராண்டோ குளிரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், அப்படித்தான் இருக்கும். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் தங்கள் கையால் போட்டது அது. கழற்றினால் குளியலறையில் வைக்காதே, டப்பாவில் போட்டு வை.

இரண்டாம் பாகத்தில் என்னை வாட்டிய இடம் வேறு. தான் எடுத்து வளர்த்த பெண்ணை அவளுக்கு விருப்பமில்லாத இடத்தில் கட்டிக்கொடுக்குமாறு ஃபெரியருக்கு மார்மன்கள் ஒரு மாதக் கெடு விதிக்கிறார்கள். முதல் நாள் காலையில், இருபத்தொன்பது நாள் மீதமிருக்கிறது என்ற எச்சரிக்கைச் சீட்டு அவன் போர்வையில் குத்தப்பட்டிருக்கிறது. மறுநாள் கூரையின் நடுவே கரிக்கட்டையால் எழுதியது போல 28. மகள் அதை நிமிர்ந்து பார்க்கிறாள், பொருள் விளங்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருவரும் சாப்பிடுகிறார்கள். எண் குறைந்துகொண்டே வருகிறது. அவன் செய்தி அனுப்பி எதிர்பார்த்திருந்த ஆள் வந்து சேரும் அன்று எண் இரண்டாகிவிட்டது. மகள் அஞ்சக் கூடாது என்றுதான் மறைத்தான் என்று கூட்டத்தில் அனைவரும் அவனைப் பாராட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்து சுமந்திருப்பாளே என்று கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன்.

நீ சிறு வயதிலிருந்தே யாருக்கும் சுமையாக இருக்கக் கூடாது என்று நினைப்பவன். கல்லூரிக் கட்டணத்தை நீயே கட்டிவிட்டு ரசீதை மட்டும் எங்களிடம் நீட்டியதை அப்பா இன்றும் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். அதற்காக எல்லாவற்றிலும் ரசீதை மட்டும் காட்டினால் எப்படி? பொங்கலுக்குப் பிறகு மருமகளின் குரலை நான் கேட்கவில்லை. இரவுப் பணி என்றாய், பிறகு தலைவலி என்றாய்; நம்பினேன். பருப்புப் பொடி அரைத்து அனுப்ப வேண்டும். ஒருவருக்கு அரைப்பதா, இருவருக்கு அரைப்பதா என்று தெரியாமல் துவரம் பருப்பை வறுத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மோதிரத்தை டப்பாவில் போட்டு வை. வேளைக்குச் சாப்பிடு.

அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை, அதனால் கவனித்திருக்க மாட்டார். ஃபெரியர் மீது கூட்டத்தில் அவ்வளவு கோபப்பட்டவள், வீட்டுக்கு வந்து அவரிடம் கதையை முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் மாலை ஐந்து மணிக்கு ரேஸ் கோர்ஸில் நடக்கப் போனால் ஆறரைக்குத்தான் திரும்புவார். உனக்கு அது விடிகாலை, சிரமம்தான். இருந்தாலும் இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் அந்த நேரத்தில் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா