பாப்பாவுக்கு, புது நாவல்களைப் பற்றி

பாப்பா,

போன வாரம் போனில் கேட்டாயே, "இன்னுமா உன் லைப்ரரிக்குக் கதைப்புத்தகம் எடுக்க வர்றாங்க, எல்லாரும் டிஎன்பிஎஸ்சி படிக்கத்தானே வர்றாங்க" என்று. அப்போது கவுண்ட்டரில் ஆள் நின்றதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதான் எழுதுகிறேன். வருகிறார்கள்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் நாற்காலியெல்லாம் நிறைந்திருக்கிறார்கள், உண்மை. வியாசர்பாடியிலிருந்தும் கொடுங்கையூரிலிருந்தும் சாப்பாடு கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறார்கள், ஒற்றை அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பது? ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பார், குரூப் 4 கைடை மூடிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். அந்த நேரத்துக்காகவே புது நாவல்களைப் பேப்பர் மேஜைக்குப் பக்கத்திலேயே அட்டை தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறேன். முத்திரை குத்தி, சேர்க்கை எண் போட்டு, முதுகில் தமிழ் நாவலுக்கான வகை எண் 894.8113 ஒட்டி, நேராக அலமாரிக்குள் செருகிவிட்டால் போச்சு, அப்புறம் அது வந்ததே யாருக்கும் தெரியாது.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பது. எனக்கு அதுதான் உயிர். பழைய நாவலை ஆட்கள் பேர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போவார்கள். நேற்று எழுத வந்த பிள்ளையின் முதல் நாவலை யார் பேர் சொல்லிக் கேட்பது? நாமேதான் எடுத்து நீட்ட வேண்டும், அதற்கு முதலில் நாம் படித்திருக்க வேண்டும். அதனால் அரசு மொத்தமாக வாங்கும் நூலக ஆணையில் வந்து சேரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது, ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் நானே வாங்கிவிடுகிறேன். ராத்திரி படித்துவிட்டுக் காலையில் யாருக்குக் கொடுக்கலாம் என்று முகங்களை நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவேன்.

பின்னி மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வருவாரே, 1996இல் மில் மூடியதிலிருந்து பேப்பர் மட்டுமே படித்துக்கொண்டிருந்தார். ஆலைத் தொழிலாளர்களை வைத்து எழுதிய ஒரு புது நாவலைக் கொடுத்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தார், பக்கத்துக்குப் பக்கம் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. ஷிப்ட் முடிந்து கேட்டில் சோதனை போடுகிற இடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இது இப்படி நடக்காதும்மா, இந்தப் பையன் யாரையும் கேக்காம எழுதிட்டான்" என்று அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு அதே ஆசிரியர் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டார்.

காசிமேட்டிலிருந்து ஒரு பொண்ணு வருகிறாள், தன் கார்டிலேயே அம்மாவுக்கும் சேர்த்து எடுப்பாள். மீன் வியாபாரம் முடித்து வந்து அம்மா படுத்துக்கொண்டே கேட்பாளாம், இவள் வாசித்துக் காட்டுவாளாம். நம் தெருவை, நம் ஜனங்கள் பேசுகிறபடியே எழுதுகிறவர்கள் இப்போது நிறைய வந்துவிட்டார்கள், அதைக் கேட்கத்தான் அந்த அம்மாவுக்கு ஆசை.

மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அப்புறம் கீழ்த்தட்டில் எதுவும் வைப்பதில்லை, அதனால் இடநெருக்கடி. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக இந்த ஏரியா ஜனங்களும்தான் கட்டுகிறார்கள், புது நாவல் இவர்களுக்கும் சூடாகக் கிடைக்க வேண்டாமா?

நீ அங்கே வாங்கிப் படித்த தமிழ் நாவல்களை யாருக்கும் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது பையில் எடுத்துவா, ஒவ்வொன்றும் உனக்குப் பிடித்ததா இல்லையா என்று முன்பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதி வை. பெரியவருக்கு எது, காசிமேட்டு அம்மாவுக்கு எது என்று உட்கார்ந்து பிரித்துவிடலாம்.

அம்மா